ஒரே வரியில் வேலை போன கதை

கேள்வி கேட்டால் மானம் போய்விடும் என்று நம்பி, கேட்காமலேயே மானத்தைத் தொலைத்தவன் நான்.

கம்பெனிகளின் சரக்கு, பில் சமாசாரங்களைப் பார்க்கும் மென்பொருளுக்கு எழுதுகிற ஏபாப் மொழியைச் சென்னையில் படித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு வருடம் சும்மா இருந்தேன். திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தேர்வுக்குக் கூப்பிட்டது. கிளம்பும்போது அப்பா சொன்னார்: "இதுவும் ஊத்திக்கினா, திங்கக்கிழமைலேர்ந்து மாமாவோட மல்லாட்டை மண்டிக்குப் போயிடு. நான் பேசிட்டேன்." (நிலக்கடலை மூட்டை தைக்க மாமா எனக்கென்று ஒரு சாக்கு ஊசியே வாங்கி வைத்துவிட்டாராம்.)

தேர்வு சுலபம்தான். பில்லில் வாடிக்கையாளரின் ஊர்ப்பெயர் வரவேண்டும். அதற்கு ஐந்து மெத்தடுகளைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்து ஒரு விடை தரும். ஒன்றை அடுத்ததன் அடைப்புக்குறிக்குள், அதை இன்னொன்றின் அடைப்புக்குறிக்குள் என்று ஐந்தையும் ஒரே வரியில் அடுக்கினேன். அப்படி ஒரு வரியைத் திண்டிவனம் பார்த்திருக்காது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

திரையில் சிவப்பாகப் பிழை. உள்ளே இருக்கும் மெத்தடைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றது. அது அங்கேதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஏபாபில் அடைப்புக்குறிக்கு உள்பக்கம் இடம் விட வேண்டும். விட்டிருந்தேன். ஆனாலும் அழித்தேன், மறுபடி விட்டேன், மறுபடி அழித்தேன். இரண்டு மணி நேரம் இதே பிழைப்பு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் முன்னே சாக்கு ஊசி வந்து நின்றது.

தேர்வு நடத்திய மேடம் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இரண்டு முறை, "ஏதாவது கேக்கணுமாப்பா?" என்றார்.

"இல்லீங்க மேடம், முடியப்போவுது." (பாவி, வாயைத் திறந்திருக்கலாம்.)

நேரம் முடிந்ததும் எட்டிப் பார்த்தார். "இது ரொம்பப் பழைய சிஸ்டம்பா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டா எடுத்துக்காது. ஒவ்வொரு விடையையும் தனியா வாங்கி வெச்சிக்கினு, அப்புறம் அடுத்ததுக்குக் குடுக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேடம்."

"நீ கேப்பேன்னு பாத்தேன். தெரியலன்னா கேக்குற ஆளுதான்பா எங்களுக்கு வேணும்."

விழுப்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அழுதேன். திங்கட்கிழமை மண்டிக்குப் போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

நடந்ததை வீட்டில் சொன்னது அடுத்த தப்பு. இப்போது என் மனைவி மகளிடம் சொல்கிறாள்: "அப்பாகிட்ட பாலு, மாத்திரை, பேட்டரின்னு எல்லாத்தையும் ஒண்ணா சொல்லாதடி. பழைய சிஸ்டம். ஒண்ணு வாங்கி வெச்சதும் அடுத்தது சொல்லு."

பழையது அந்தத் திண்டிவனத்து சிஸ்டம், நான் இல்லை என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன்.

"செரிப்பா, மொதல்ல பாலு வாங்கினு வா" என்கிறாள் மகள்.

வாங்கிவந்து வைத்துவிட்டு, அடுத்தது என்னவென்று கேட்கிறேன்.