பனிக்குடம் உடைந்தபோது நான் எடுத்த வகுப்பு

ஒன்றை அரைகுறையாகத் தெரிந்தவனைவிட, ஒன்றுமே தெரியாதவன் வீட்டுக்கு நல்லது. நான் அரைகுறை. (சான்றிதழ் வைத்திருக்கிறேன்.)

நாலு வருஷத்துக்கு முன், மனைவி ஷீபா மாசமாக இருந்தபோது, தகப்பன்மாருக்கான பிரசவ வகுப்பு ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தேன். ஆறு பாடத்தில் நாலைப் பார்த்தேன், அதிலும் இரண்டை ஓட்டிவிட்டுப் பார்த்தேன். அதற்குள் பேச்சில் டாக்டர் மிடுக்கு வந்துவிட்டது. நாலு பெற்ற மாமியாருக்கே, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறக்கும் என்று தேங்காய்ச் சிரட்டையை வைத்து விளக்கினேன். அவர் அதை வாங்கி அடுப்பில் போட்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானம். திருவட்டாற்றில் மாமியார் வீடு. சாப்பிட்டு எழுந்த ஷீபா அப்படியே நின்றுவிட்டாள். காலடியில் தண்ணீர்.

"இஞ்ச பாருங்க, தண்ணிக்குடம் ஒடஞ்சிட்டுன்னு தோணுது."

"வலி இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது மூத்திரம். பிள்ள மூத்திரப்பைய அமுக்கும், மூணாம் பாடத்துல உண்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க வலி வந்தாத்தான் ஆஸ்பத்திரி. இருந்து மூச்ச இழுத்து விடு."

"எனக்க ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று விளக்க ஆரம்பித்தேன். (எழுதும்போதே விரல் கூசுகிறது.) விளக்கி முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. ஷீபாவை ஏற்றிவிட்டு மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"மருமோனே, நீங்க வகுப்ப முடிச்சிட்டு மெதுவா வாருங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு வெளியே வந்தார். "பனிக்குடம்தான் ஒடஞ்சிருக்கு. வலி இருந்தாலும் இல்லாட்டாலும் உடனே வரணும். இல்லன்னா உள்ள கிருமி போகும். யாரோ காத்திருக்கச் சொன்னாங்களாமே, எந்த மடையன்?"

மாமியார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வலி வர மருந்து ஏற்றினார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் அலறிய ஒவ்வொரு தடவையும், நான் வீணாக்கிய நிமிஷங்கள் பிள்ளையை என்ன செய்திருக்குமோ என்று கதவருகே போய் நின்றேன். மறுநாள் காலை மகள் பிறந்தாள். இருவரும் நலம்.

தையலோடு ஒருக்களித்துக் கிடந்த ஷீபாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "நாளையிலேருந்து கொஞ்சம் நடக்கணும், நாலாம் பாடத்துல..."

"நீங்க நடங்க," என்றாள். "வெளிய வரைக்கும்."

வீட்டுக்கு வந்த முதல் வாரம், காரணம் சொல்லத் தெரியாமல் அவள் அழுதுகொண்டே இருந்தாள். அப்போதுதான் நான் பார்க்காமல் விட்ட ஐந்தாம் பாடத்தின் தலைப்பைக் கவனித்தேன்: பேறுகாலத்துக்குப் பின் தாயின் மனம். அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு துணி துவைத்தேன், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிட்டேன். உருப்படியாகச் செய்தது அது மட்டும்தான்.

போன மாதம் கொழுந்தியாளுக்குப் பிரசவ வலி கண்டது. மாமியார் முதலில் செய்த காரியம், என் கையில் மகளையும் தண்ணீர் பாட்டிலையும் தந்ததுதான்.

"ரெண்டு பேரும் சிதறால் மலை ஏறுங்க, மருமோனே. நாங்க ஃபோன்ல விளிச்ச பொறவு எறங்குனா போரும்."

ஏறினேன். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் தெரியாததைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் ஒரே வைத்தியம்தான்: "இவன மலைக்கு அனுப்புங்க!"