ஐந்து நாள் அவசரம்

"இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டாள் மனைவி.

சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. மீதிப் பாதியில் இருவரும் தட்டுகளை இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"பிரிக்கணும், பிரிக்கணும்," என்றார் பிளான்காரர். "கையில இருக்கற வரைபடத்துல மாடி பாக்கி இருக்கு. நடுவுல மெஷினை மாத்தினா கோடெல்லாம் குழம்பிடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் கீழ்த்தளம். இப்ப மாடி."

மனைவி, பெட்டியின் மேல் விழுந்திருந்த ஒரு பருக்கையைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதனால் தெரு முழுக்க அவருக்குப் பிளான்காரர் என்றே பேர். எத்தனையோ பேருக்கு வீடு வரைந்து கொடுத்த மனிதருக்கு, தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்க மட்டும் நான்கு வருஷமாக மனசு வரவில்லை. கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அடுத்த மாடல் வரப்போவதாக யாராவது எங்காவது எழுதியிருப்பார்கள். சரி, அது வரட்டும் என்பார். அது வந்ததும் அதற்கடுத்ததைப் பற்றி எழுதியிருப்பார்கள். இதற்குள் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வயதாகிப்போய், ஒரு வரைபடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சில நாள் தலை துவட்டவும் நேரம் இருந்தது.

மாதத்துக்கு ஆறு வரைபடம் போட வேண்டியவர் மூன்றோடு நின்றார். பார்த்தாள் மனைவி. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், தானே ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். பெரிய மின்சாதனக் கடை ஒன்றில், மூன்றாவது மாடிக் குறைகேட்புப் பிரிவில் பதினாறு வருஷமாகப் போன் எடுப்பவள் அவள். எது நல்லது, எது ஓட்டை என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்குத்தான்," என்றாள். மூச்சு வாங்கியது.

பிளான்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்கே பிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மேஜையை ஒழிக்க வேண்டும், புது ஒயர் இழுக்க வேண்டும், கையிலிருக்கும் வேலையை முடிக்க வேண்டும் என்று ஐந்து நாளைக் கடத்தினார். பதினேழாம் தேதி காலை அந்தச் செய்தி வந்தது.

அதே கம்ப்யூட்டர். அதே பேர், அதே வடிவம், அதே விலை. உள்ளே மட்டும் புதுப் ப்ராசஸர், இரண்டு மடங்கு மெமரி. பழையதற்கு ஐந்தில் ஒரு பங்கு விலைக் குறைப்பு வேறு.

பிளான்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்த கையை எடுக்காமலேயே சொன்னார்:

"அஞ்சே நாள்! அஞ்சே நாள் பொறுத்திருக்கக் கூடாதா? அந்தக் கடைக்குள்ளயே உட்கார்ந்திருக்கே, உனக்கே தெரியாமப் போச்சா?"

மனைவி, கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோதுதான் பிளான்காரருக்குத் தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல, சும்மா சொன்னேன்," என்று பூசி மெழுக ஆரம்பித்தார். "அவ்வளவு மெமரியை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? எனக்கு இதுவே அதிகம். அருமையான மெஷின். பெட்டியைப் பார்த்தாலே தெரியுதே!"

அன்று அரை மணி நேரம் புகழ்ந்தார். அதுதான் வினையாய்ப் போயிற்று. அவ்வளவு புகழ்ந்ததை மாற்றிக் கொண்டு வரலாமா என்று இனிமேல் எந்த முகத்தோடு அவளிடம் கேட்பது? கேட்கவும் முடியவில்லை, இரண்டு மடங்கு மெமரியை மறக்கவும் முடியவில்லை.

நெஞ்சு ஆறவில்லை. இணையத்தில் அந்தச் செய்திக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். தானும் பேர் போடாமல் இரண்டு வரி எழுதினார்: 'பன்னிரண்டாம் தேதி வாங்கினோம். வீட்டில் அவசரப்பட்டுவிட்டார்கள். இது நியாயமா?'

உடனே பதில்கள் வந்து குவிந்தன. 'எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அவசரக்குடுக்கை உண்டு' என்றார் ஒருவர். 'அவர் கையில் இனிமேல் பர்ஸைக் கொடுக்காதீர்கள்' என்றார் இன்னொருவர். யாரோ முன்பின் தெரியாதவர்கள் தன் மனைவியை நடுத்தெருவில் நிறுத்திக் கேலி செய்வது போல இருந்தது பிளான்காரருக்கு. அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே தான்தானே! அவமானமாக இருந்தது. அழித்துவிடலாம் என்று அழுத்தினார். பழைய கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அது உயிர் பெற்று வருவதற்குள் நாற்பத்தொரு பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கும்பலில் ஒரு நல்லவர் இருந்தார். 'பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் மாற்றிக் கொடுப்பார்கள். கடையின் குறைகேட்பு எண்ணில் கேளுங்கள்' என்று எழுதியிருந்தார்.

பிளான்காரர் யோசித்தார். இரண்டும் ஒரே பேர், ஒரே வடிவம். கமுக்கமாக மாற்றிக் கொண்டுவந்து அதே மேஜையில் வைத்துவிட்டால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. அவள் கண் முன்னாலேயே ஆசையாகப் பிரிக்கலாம். அந்தச் சுருங்கிய முகத்தைச் சரிசெய்துவிடலாம். ஒரே சிக்கல், குறைகேட்பு எண்ணில் போனை எடுப்பதே அவள்தான்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் செய்தார்.

"வணக்கம், குறைகேட்புப் பிரிவு."

வேறு குரல். அப்பாடா என்றிருந்தது.

"பெட்டி பிரிக்காம இருந்தா பதினாலு நாளுக்குள்ள மாத்திக்கலாம் சார். பில் மட்டும் வேணும். சார், உங்களுக்கு ஜலதோஷமா?"

"ஆமாம்மா, நாலு நாளா."

ஒரு தடவை கேட்டால் நம்புகிற ஆள் இல்லை அவர். அதற்கடுத்த ஐந்து நாளில் இன்னும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மூன்று குரல், ஒன்றுகூட அவளுடையது இல்லை. அதிர்ஷ்டம் தன் பக்கம்தான் என்று முடிவு கட்டினார்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் அவள் வந்ததும் ஆழம் பார்த்தார்.

"புது மாடல் வந்ததுலேர்ந்து போன் விடாம அடிக்குமே?"

"ம்... அடிக்கும்." அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்கறாங்க?"

"என்ன கேட்பாங்க? அஞ்சு நாள் பொறுத்திருக்கலாமேன்னுதான்."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பிளான்காரருக்குப் புரையேறியது. அவள் எழுந்து வந்து தலையில் தட்டிக்கொடுத்தாள். அதுவே ஒரு அறை போல இருந்தது அவருக்கு. சொன்ன சொல்லை மாற்றிக் கொடுக்க ஒரு கவுண்டர் இருந்தால் அங்கேதான் முதலில் போய் நின்றிருப்பார்.

பில் அவள் கைப்பையில் இருந்தது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் பையில் கையை விட்டார். குளியலறைக் கதவு திறந்தது.

"என்ன தேடறீங்க?"

"சில்லறை."

"துண்டை மறந்துட்டேன், அதான் வந்தேன். எவ்வளவு வேணும்?"

அவளே பையைத் திறந்து கொஞ்சம் பணம் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தாள். வழக்கமாக அவள் எண்ணுவதில்லை. பிளான்காரர் அசடு வழிய வாங்கிக்கொண்டார். அவள் மறுபடியும் குளிக்கப் போனதும் பில்லையும் எடுத்துக்கொண்டார். மெமரி, ப்ராசஸர் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிற மனிதர், பில்லில் தேதியை மட்டும்தான் பார்த்தார். பன்னிரண்டு. இன்னும் இரண்டு நாள் கெடு இருந்தது.

வழக்கம்போல ஒன்பது மணிக்கு அவள் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாள். ஒன்பதரைக்கு இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்க சார் தூக்கிட்டுப் போறீங்க?"

"சர்வீஸுக்கு."

"புதுசுக்கா?"

பிளான்காரர் திருதிருவென்று விழித்தார்.

"அன்னைக்கு அக்கா இதைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்தாங்க," என்றாள் தையல்காரம்மா. "நானும் ஒரு பக்கம் பிடிக்கறேன்னேன், விடலையே! 'இதைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி ஆகும் பாரு, நானே கொண்டுபோய் வைக்கணும்'னாங்க."

பெட்டி திடீரென்று கனத்தது. திரும்பிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதைச் செய்திருக்கலாம். ஆனால் வாசலில் வாடகை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அது ஒரு சாக்காகப் போயிற்று.

கடையில் தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு நுழைந்தார். மனைவியைப் போலவே கொண்டை போட்ட ஒரு அம்மா எதிரே வரவே, பெட்டியும் கையுமாக ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார். விற்பனைப் பெண் ஓடி வந்து அதன் கதவைத் திறந்து உள்ளே எத்தனை தட்டு என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். ஏழு நிமிஷம் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தார்.

மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் நீள வரிசை. எல்லார் கையிலும் அதே பெட்டி. துக்க வீட்டில் விசாரிப்பது போல ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்ப வாங்கினீங்க?"

"பதினஞ்சு."

"நான் பதினாறு சார், ராத்திரி கடை சாத்தற நேரம்! விடிஞ்சா புதுசு!"

எல்லாரும் பதினாறைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிளான்காரர் தன் பன்னிரண்டைச் சொன்னார். அதை யாரும் மதிக்கவில்லை.

"சொல்லாம விட்டது கடைக்காரங்க தப்புங்க," என்றார் பதினாறு. "உங்களுக்கு யார் வாங்கினது?"

"வீட்டுல. அவசரப்பட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இன்னொரு தடவை அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்காக வாங்கினாங்க," என்று முடித்தார்.

ஒரு மணி நேரத்தில் அவர் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நாள் முழுக்கத் திட்டு வாங்கிக் களைத்த முகம். பெட்டியின் டேப்பைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பில்லைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இது ஊழியர் விலையில வாங்கினது சார். பாதிக்குப் பாதி தள்ளுபடி. இதை மாத்த முடியாது."

"ஊழியர் விலையா?" பிளான்காரர் பில்லை இப்போதுதான் முழுக்கப் படித்தார். பழையதற்கு இன்றைக்குக் குறைத்திருக்கும் விலையைவிடவும் குறைவாகத்தான் அவள் கொடுத்திருந்தாள். அவளா அவசரக்குடுக்கை! வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இவ்வளவு தூரம் சுமந்து வந்தாயிற்று.

"நான் அவங்க வீட்டுக்காரர்தான்," என்று குரலைத் தாழ்த்தினார். "வித்தியாசம் என்ன உண்டோ கட்டிடறேன். அதே ஊழியர் விலையில அவ பேருக்குப் புதுசு போட்டுக் கொடுங்க. மேல மூணாவது மாடியிலதான் இருக்கா, ஆனா கூப்பிட்டுடாதீங்க. அவளுக்குத் தெரியாம மாத்தணும்னுதான் இவ்வளவு பாடும். அஞ்சு நாள் பொறுக்காம வாங்கிட்டாளேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதுலேர்ந்து முகமே சரியில்ல."

கவுண்டர்காரர் பில்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"அஞ்சு நாள்ல புதுசு வருதுக்கா, பொறுங்கன்னு நானேதான் சொன்னேன் சார்; 'இன்னைக்கு சாயங்காலத்தோட எங்க பிரிவுல பாதிப் பேரை அனுப்பறாங்க, நாளைக்கு எனக்கு ஊழியர் விலையும் கிடையாது, வேலையும் கிடையாது, இனிமே அவர் போடற வரைபடத்துலதான் வீடு ஓடணும், அதுக்கு நல்ல மெஷின் வேணும்'னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போனாங்க... பன்னெண்டு நாளாச்சே, உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"