நாளைக்கு ஒரு நாள் உங்கள் தோள் வேண்டும்

மாடி வீட்டுச் சித்திக்கு, கீழ் வீட்டு மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. நீங்கள் நலம் என்பது கூரை வழியாக இறங்கி வரும் குறட்டையிலேயே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில், போர்வைக்குள், டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். கோணலாக இருக்க வேண்டியது எழுத்தல்ல, நான். விஷயமே அதுதான்.

காலையில் அம்மாவுக்குத் தேர்வு. உடம்பின் கோணலைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, பயிற்சியால் நேராக்குகிறவர்களுக்கான சான்றிதழ். அது கிடைத்தால் ஜிம்மில் துண்டு மடிக்கும் வேலை போய், அம்மாவுக்கென்று ஒரு அறையே கிடைக்கும். தேர்வுக்கு ஆளுக்கொரு கோணல் மனிதரை அவரவரே கூட்டி வர வேண்டுமாம். அம்மா கூட்டிப்போவது என்னை. என் கூன் தோளும் ஆமைக் கழுத்தும் அம்மாவுக்கு மனப்பாடம். எல்லா வீட்டிலும் நிமிர்ந்து நில்லுன்னுதான் சொல்வாங்க. எங்க அம்மா மட்டும், "தேர்வு முடியற வரைக்கும் நிமிர்ந்துடாதடி கண்ணு, அப்புறம் நானே நிமிர்த்தி விடறேன்"ன்னு கெஞ்சினாங்க.

ஆனா சித்தி, இந்த வீட்டுல நிமிராம இருக்கறது லேசில்ல. அம்மா தூக்கத்துல தசைகளோட பேரையெல்லாம் தாலாட்டு மாதிரி முணுமுணுக்கறாங்க, அப்பா முதுகைத் தடவித் தோள்பட்டை எலும்பைத் தேடறாங்க, பஸ் ஓட்டிக் களைச்ச அப்பா கண்ணைத் திறக்காமலே அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கோங்கன்னு சொல்றார். நிலா வெளிச்சம் ஜன்னல் வழியா வந்து நாற்காலியில தொங்கற அம்மாவோட பயிற்சி ரப்பர் பட்டை மேல விழும், அது தானா அசையற மாதிரி இருக்கும், நான் பாதித் தூக்கத்துல எழுந்துபோய் அம்மா மாதிரியே அதை இழுப்பேன், சுவர்ல முதுகை ஒட்டிக் கையை மேல வழுக்க விடுவேன். தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி, உடம்பே இல்லாத மாதிரி இருக்கும். கனவுன்னுதான் நினைச்சேன். இன்னைக்குப் பின் பெஞ்சுக்காரி, "ஏய் ஆமை, ஓடு எங்கடி காணோம்?"ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால, அம்மா கோணல் பார்க்கச் சொல்ற மாதிரி ரெண்டு கையையும் தூக்கி உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். கொடிக்கம்பம் மாதிரி இருக்கேன். அம்மா கண்டுபிடிக்கறதுக்கு என்கிட்ட ஒரு கோணல்கூட மிச்சமில்ல. அம்மா புத்தகத்துல இருந்து தலையைத் தூக்காததால இன்னும் பார்க்கல. பார்த்தா உடைஞ்சு போயிடுவாங்க.

ஆகவே, தையல் மெஷினில் குனிந்து குனிந்து இடது தோள் இறங்கிப்போன சித்தி அவர்களே, காலையில் எனக்குப் பதில் நீங்கள்தான் போக வேண்டும். போன தடவை அம்மா உங்களைப் பயிற்சி உருளை மேல் படுக்கவைத்து, அது உருண்டு நீங்கள் சோபாவுக்கு அடியில் போய்விட்டதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தோள் இன்னும் ஒரு நாளைக்காவது இறங்கியே இருக்க வேண்டிக்கொள்ளும்,
நேராகிவிட்ட மகள்.

பின்குறிப்பு: வர வேண்டாம் சித்தி. இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிட எழுந்தேன், இவ்வளவு நேரம் குனிந்தே எழுதியதில் கழுத்து நிமிர மறுத்தது. தோள் காதுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்த அம்மா விளக்கைப் போட்டாங்க. முன்னால நின்னு பார்த்தாங்க, பக்கத்துல நின்னு பார்த்தாங்க, பின்னால போயும் பார்த்தாங்க. கையில என்ன காகிதம்னுகூடக் கேக்கல. "எவ்வளவு அழகா இருக்கே, கண்ணு. அசையாம அப்படியே போய்ப் படுத்துக்கோ"ன்னாங்க. படுத்தா நேராயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் மறுபடி மேசைக்கு அடியில வந்து, இன்னும் நல்லாக் குனிஞ்சு, விடியற வரைக்கும் எழுதறதா இருக்கேன்.