பதினான்கு வயது நாய்க்குப் பதினைந்து ஆண்டு உத்தரவாதம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவர் மினெகிஷி அம்மாள். எங்கள் அமாகசாகி ஊரில் பழைய பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் ‘இதமான வால்’ நாய்க் காப்பகத்தில், நாய்களுக்கு வீடு தேடித் தரும் பிரிவின் தலைவர். பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரைச் சொல்கிறேன் என்று யாரும் குழம்ப வேண்டாம்.

நான் தோகாஷி. வயது எழுபத்திரண்டாக இருந்தபோது நடந்தது இது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாற்பது வருடம் கான்கிரீட் லாரி ஓட்டினேன். மனைவி போனபின் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது அரிசிக் குக்கர் போடும் சத்தம்தான். காப்பகத்தில் அஸுகி என்றொரு நாய் இருந்தது. அவித்த பயறு நிறம், ஒரு கையில் அடங்கும் உடம்பு, மூன்று பல், ஒரு கண்ணில் புரை, வயது பதினான்கு. இரண்டு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. நான் வாசலில் கழற்றிய செருப்புக்குள் அது தலையை வைத்துத் தூங்கிவிட்டது. நான் கேட்டேன்.

மினெகிஷி அம்மாள் பதினொரு பக்கப் படிவத்தை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு, தோகாஷி ஐயா. அறுபது தாண்டினவங்களுக்கு நாய் தர்றதில்ல. நாய் பதினஞ்சு வருஷம் இருக்கும். அதுவரைக்கும் நீங்க...”

“இருக்க மாட்டேன்னு சொல்றீங்க.”

“ஐயோ, அதச் சொல்ல நான் யாருங்க? படிவம் சொல்லுது.”

“இதுக்கே பதினாலு வயசாச்சேம்மா.”

“ஆமாங்க.”

“இன்னும் பதினஞ்சு சேத்தா இருபத்தொம்பது. எந்த நாய் அவ்வளவு நாள் இருந்திருக்கு?”

“நல்லா இருக்கணும்னுதானே நாங்களும் வேண்டிக்கிறோம்.”

நாய் சாக வேண்டும் என்று வாதாடியவன் நான் என்றாகிவிட்டது.

ஆனாலும் ஒரு சலுகை உண்டாம். அறுபதுக்குக் கீழே உள்ள ஒருவர், எனக்குப் பிறகு நாயை ஏற்பதாகப் பிணை நின்றால், விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்படும். முடிதிருத்தும் கடை உசாமியிடம் போனேன். வயது ஐம்பத்தொன்பது.

“அண்ணே, நீங்க போயிட்டா நாய என் தலையில கட்டிடுவாங்களா?”

“அது போற வரைக்கும் நான் போக மாட்டேன். கையெழுத்து போடுற எடத்துல உன் பேரு முத்திரையக் குத்துடா.”

குத்தினான். விண்ணப்பம் ஏழு வாரம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. எட்டாம் வாரம் கடிதம் வந்தது. ‘தங்கள் பிணையாளர் திரு. உசாமி கடந்த செவ்வாயன்று அறுபது வயதை நிறைவு செய்தமைக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். அதன் காரணமாக அவர் தகுதியிழந்தமையைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

கடைக்கு ஓடினேன். அறுபது நிறைந்ததற்கு எங்கள் ஊர் வழக்கப்படி பிள்ளைகள் போட்டுவிட்ட சிவப்புக் குல்லாயும் சிவப்புச் சட்டையுமாக நின்று யாருக்கோ பிடரி மழித்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, ரெண்டு மாசம் பொறுக்க முடியலயா உனக்கு?”

“நானா அண்ணே பொறந்தேன்?”

எங்கள் பக்கத்தில் தப்புச் செய்தவர்கள் பட்சணப் பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வந்து, இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். மூன்று நாள் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். மினெகிஷி அம்மாள் வரவில்லை. நானே மாடி ஏறினேன்.

“உங்களுக்கு என்னம்மா வயசு?”

“அறுபத்தேழு.”

“அங்க சோறு வைக்கிறாங்களே, அந்தம்மாவுக்கு?”

“எழுபத்தி நாலுங்க.”

“கூண்டு கழுவுறவரு?”

“போன வாரந்தான் எண்பது. கேக் வெட்டினோம்.”

“முப்பது நாய நீங்க மட்டும் எப்படி வளக்குறீங்க?”

“நாங்க எங்கங்க வளக்குறோம்? நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் தற்காலிகமா வச்சிருக்கோம்.”

“எத்தன வருஷமா?”

“பதினேழு வருஷமா.”

“சரி, தற்காலிகமா வச்சிருக்க வயசு வரம்பு என்ன?”

அந்த அம்மாள் விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். “அதுக்கு ஒண்ணும் போடலீங்களே.”

அதற்கான படிவம் அரைப் பக்கம். அன்று மதியமே அஸுகி என் வீட்டில் தூங்கியது.

நிபந்தனை இரண்டே. மாதம் இரண்டு ஞாயிறு, கடைத்தெருவில் நடக்கும் நாய்களுக்கு வீடு தேடும் விழாவுக்கு அதைப் பருவத்துக்கேற்ற உடையில் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் இப்போது நாய்கள் நடப்பதில்லை. குழந்தை வண்டியை எட்டிப் பார்த்தால் நாய் மூக்குத்தான் தெரியும். கான்கிரீட் லாரி ஓட்டிய கையால், பூப்போட்ட கிமோனோ அணிந்த நாயைச் சரிகை வண்டியில் தள்ளிப் போனேன். “பேத்தி உங்க ஜாடைதாண்ணே” என்றான் உசாமி, கடை வாசலிலிருந்து.

இரண்டாவது நிபந்தனை, கேட்டு வருபவர்களை முதலில் விசாரிப்பது தற்காலிகப் பராமரிப்பாளரின் கடமை. தகுதியான ஒருவர் வந்துவிட்டால் அஸுகி போய்விடும்.

முதலில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சொந்த வீடு, நல்ல வேலை, நாற்பது வயதில் இரண்டு பிணையாளர்கள். படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.

“மழையில நனைஞ்சு வந்தா எந்தத் துண்டால துடைப்பீங்க?”

“நாய்க்குன்னு ஒரு துண்டு வாங்கிடுவோங்க.”

‘நாய் வேறு, தாம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் மனப்பான்மை’ என்று அகராதி பார்த்துப் பிழையில்லாமல் எழுதினேன். நிராகரிக்கப்பட்டார்கள். அதன்பின் பதினாறு பேர் வந்தார்கள். பதினாறு பேரிடமும் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்தது. இதுவரை ஒருவரையும் தாண்டவிடாத விசாரணையாளர் என்று மினெகிஷி அம்மாள் எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார். பட்சணப் பெட்டி கொடுக்கவில்லை.

இப்படியே மூன்று வருடம் போனது. இந்த வசந்தத்தில் ஒருவர் தனியாக வந்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வண்டியருகே குந்தினார். நான் கீழே இறக்கிவிட்ட அஸுகி தானாகப் போய், அவர் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

“இத எனக்குக் குடுங்கய்யா. வீட்டுல நான் மட்டுந்தான்.”

“உங்க வயசு?”

“அறுபத்தொண்ணு.”

நான் குனிந்தேன். “ரொம்ப வருத்தமா இருக்குங்க.”

“நாய்க்கு என்ன வயசு?”

“பதினேழு.”

“இன்னும் பதினஞ்சு வருஷமா இருக்கப்போகுது?”

“நல்லா இருக்கணும்னுதானே நாங்களும் வேண்டிக்கிறோம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க பேரு?”

“தோகாஷி.”

அவர் பேனா எடுத்து அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். தற்காலிகமாக வைத்திருக்க வயது வரம்பு இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அவருக்கு நான் பட்சணப் பெட்டி எதுவும் கொண்டுபோகப் போவதில்லை. படிவம் சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஆனால் மினெகிஷி அம்மாள் விஷயம் வேறு. அவர் எனக்குக் குனிய வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது.