சித்தரத்தை சூப்

மிளகாய்த்தூள் டப்பாவை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கந்தன் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியில் வைத்தால் வாசனை வரும். பீரோவில் வைத்தால் பட்டுப்புடவை எல்லாம் தும்மும். தறிக்குழியில் வைக்கலாம் என்றால், நெசவாளர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது தறியைத்தான்.

கடைசியில் மனைவியின் படத்துக்குப் பின்னால் வைத்தார். பலகைமேல் சற்றுச் சாய்ந்து நின்ற படத்துக்கும் சுவருக்கும் நடுவில், அளந்து செய்ததுபோல் டப்பா உட்கார்ந்துகொண்டது.

"சாயந்தரம் வரைக்கும் பாத்துக்கோ. உன் சரக்குதானே," என்றார் படத்தைப் பார்த்து.

"யார்கிட்டப்பா பேசிக்கினு இருக்கிற?" என்று அடுப்படியிலிருந்து அகிலா கேட்டாள்.

"உங்கம்மாகிட்டதான். பதில் பேச மாட்டேங்கிறா. உயிரோட இருந்தப்பவே நல்லா இருந்த ஒரே விஷயம் அவ வாய்தான்."

வாய் மட்டுமல்ல, கையும்தான். காமாட்சியம்மாளின் காரக்குழம்பு பிள்ளையார்பாளையம் முழுக்கப் பிரசித்தம். சாப்பிட்டவர்கள் அழுதுகொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்கள். அவள் போன பிறகு அதே அளவில் மிளகாய் போட்டு அகிலா வைத்தாள். அந்தக் குழம்புதான் போன வருடம் வந்த சம்பந்தத்தைக் கெடுத்தது. அப்படித்தான் கந்தன் நினைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து தகவல் இல்லை. கல்யாணத் தரகர் முனிசாமி மட்டும் ஒரு நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்தார்.

"கந்தா, உங்க வீட்ல சாப்ட்டவரு ஒருத்தரு அன்னைக்கே ஆஸ்பத்திரில சேந்துட்டாரு, தெரியுமா?"

"ஐயோ! யாரு? மாப்ளையோட அப்பாவா?"

"யாரா இருந்தா இன்னா? மனுசன்தானே?" என்று கோபமாகச் சொல்லிவிட்டு முனிசாமி போய்விட்டார்.

அதனால் இந்த முறை கந்தன் உஷாராக இருந்தார். மாப்பிள்ளை சிவராஜ் தென்னேரிக்காரர். பாங்காக்கில் ஒரு ஓட்டலில் கணக்கு வேலை, விடுமுறையில் வந்திருந்தார். அகிலா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செல்போனில் அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சட்டைப் பொத்தானில் எத்தனை ஓட்டை என்பதுவரை பார்த்துவைத்திருந்தாள்.

போன வாரம் கந்தனும் முனிசாமியும் தென்னேரிக்குப் போனார்கள். பஸ்ஸிலேயே முனிசாமி எச்சரித்துவிட்டார்.

"மாப்ள வீட்ல காரம் ஆகாதுப்பா. அந்தம்மா தில்லையம்மாளுக்கு மிளகா வாசனை பட்டாலே இருமல். நீ சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் கேக்காத. சங்கடப்படுவாங்க. போட்டதைச் சாப்ட்டு எழுந்துக்கினு வா."

போட்டது தாய்லாந்துச் சாப்பாடு. மாப்பிள்ளையே சமைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் ஒரு சூப். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் மிதக்கிற, மசாமன் என்று பெயர்கொண்ட குழம்பு. புளியும் வெல்லமும் போட்டுப் புரட்டிய அரிசி நூடுல்ஸ். மாம்பழத்தோடு ஒட்டுகிற சோறு. இலையில் சிவப்பாக இருந்தது தில்லையம்மாளின் வளையல் நிழல் மட்டும்தான். கந்தன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தில்லையம்மாள் தன் சோற்றைக் கடைசிவரை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். சின்ன வயிறு போலிருக்கிறது என்று கந்தன் நினைத்தார். முனிசாமி ஒருவர்தான் சூப்பை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

எப்படியோ கந்தன் அங்கே கை நனைத்துவிட்டார். இனி அவர்கள் முறை. பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தால் கல்யாணம் நிச்சயம். பாதியில் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

"அவங்க சாப்புடுற அதே சாப்பாட்டை நாமளும் போட்டுடலாம்மா," என்றார் கந்தன்.

அகிலா வீடியோ பார்த்தாள். "அப்பா, இதுல மீன் சாஸ் ஊத்தறாங்க."

"சிவசிவா! சைவ வீட்லயா? உப்புப் போடு."

"சோயா சாஸ்?"

அதை வாங்கிவந்து திறந்து பார்த்தார். கறுப்புச் சாயம் மாதிரி இருந்தது. சொட்டுப் பட்டால் வெளுக்காது என்று தறி இருந்த பக்கமே கொண்டுபோகவில்லை.

சூப்புக்குக் காலங்கல் என்றொரு கிழங்கு வேண்டுமாம். இஞ்சிக்குப் பங்காளி. காய்கறிக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அகிலா எங்கோ தேடிப் பார்த்து, "அது நம்ம சித்தரத்தை வகைப்பா," என்றாள். கந்தன் நாட்டு மருந்துக் கடைக்குப் போனார்.

"யாருக்கு இருமல்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இருமல் வரக்கூடாதுன்னுதான் வாங்கறேன். சம்பந்தி சூப்புக்கு."

கடைக்காரர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு, காய்ந்த சித்தரத்தையோடு கொஞ்சம் அதிமதுரமும் சேர்த்து மடித்துக் கொடுத்தார்.

அகிலா சொன்னது ஒரு துண்டு. கந்தன் இடித்துப் போட்டது ஒரு கைப்பிடி. கொதித்ததும் ருசி பார்த்தார். தொண்டையில் தீப்பிடித்தது.

"அகிலா! இது காரமா இருக்குதும்மா!"

"தேங்காப்பால் ஊத்துப்பா."

ஊற்றினார். கசந்தது. வெல்லம் போட்டார். பாயசமாகிவிட்டது. பாயசத்தைச் சூப்பாக்க எலுமிச்சம்பழம் பிழிந்தார். திரிந்துவிட்டது. திரிந்ததை வடிகட்டி மறுபடி தேங்காய்ப்பால் ஊற்றினார். சின்னப் பாத்திரத்தில் ஆரம்பித்த சூப் குண்டானுக்கு வந்துவிட்டது.

நூடுல்ஸுக்குப் பதிலாக இடியாப்பம். மசாமன் மட்டும் பார்க்க மசாமன் போலவே இருந்தது. வாயில் வைத்தால் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல் இருந்தது. ஒட்டுகிற சோற்றுக்காகப் பச்சரிசியைக் குழைய விட்டாள் அகிலா. கரண்டியை நட்டால் நின்றது.

பக்கத்து வீட்டுக் காவேரி எட்டிப் பார்த்து, "அண்ணே, பாவுக்குக் கஞ்சி காச்சிட்டீங்களா? எங்க நூலுக்கும் கொஞ்சம் குடுங்களேன்," என்றாள்.

"இது சாப்புடுறதும்மா."

"யாரு சாப்புடுறது?" என்று காவேரி உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். கந்தன், "இன்னைக்கு மத்தியானம் மட்டும் உங்க வீட்ல மிளகா தாளிக்காம இரும்மா," என்று கேட்டுவிட்டார்.

"ஏன், என் வீட்ல நான் தாளிக்கிறதுக்கு உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா? நான் பாட்டுக்கு ரசம் வச்சுட்டு சும்மா இருக்கலாம்னு நெனச்சேன். இப்ப பாருங்க," என்று சொல்லி உள்ளே போனாள்.

தென்னேரிக்காரர்கள் முனிசாமியோடு வந்து உட்கார்ந்து, அகிலா காபி கொடுத்துவிட்டுத் திரும்பிய நேரம், காவேரி வீட்டு வாணலியில் வரமிளகாய் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு கைப்பிடி இருக்கும். நெடி சுவரேறிக் கூடத்தில் இறங்கியது.

தில்லையம்மாள் கண்ணை மூடினார். மூக்கு விரிந்தது. மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

'மயக்கம் போடப் போறாங்க' என்று கந்தன் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினார். ஃபேனைக் கூட்டினார். செய்தித்தாளை மடித்து அவர் முகத்துக்கு நேரே விசிறினார்.

"ஏண்ணே சாத்தறீங்க? காத்து நல்லாத்தானே வந்துச்சு," என்றார் தில்லையம்மாள், சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டு.

பெருந்தன்மை என்று கந்தன் உருகிப்போனார்.

இலை போட்டார்கள். சூப், இடியாப்பம், மசாமன், மாம்பழத்தோடு கஞ்சிச் சோறு. எல்லாம் ஒரே வெள்ளை. வாழையிலையும் மாம்பழமும்தான் நிறத்தோடு இருந்தன.

"மாமா, தாய்லாந்துச் சாப்பாடா!" என்றார் சிவராஜ். சந்தோஷமா துக்கமா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"உங்க வீட்டு ருசிதான் மாப்ள," என்றார் கந்தன்.

தில்லையம்மாள் ஒரு வாய் சூப் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வாய் இடியாப்பம் எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மாம்பழச் சோற்றைத் தொட்டபோது அது விரலை விடவில்லை. பிறகு மெதுவாகக் கையை ஊன்றி எழுந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. முடியல."

இலையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கதவோரம் கரண்டியோடு நின்ற அகிலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்து சிவராஜும் குனிந்துகொண்டார். கந்தன் சூப் குண்டானை எட்டிப் பார்த்தார். போன தடவை காரம். இந்தத் தடவை காரமில்லை. இனி எதைச் சமைப்பது?

கை கழுவி வந்த தில்லையம்மாள், "கௌம்பறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு தரம் கும்புட்டுக்கறேன்," என்று காமாட்சியம்மாள் படத்தின் முன்னால் போய் நின்றார். கையைக் குவித்தார். குனிந்தார்.

தும்மினார்.

இன்னொரு தும்மலில் படம் ஆடியது. பின்னாலிருந்த டப்பா தலைகாட்டியது.

"அம்மா, தொடாதீங்க!" என்று கந்தன் அலறினார். "அது குங்குமம்!"

தில்லையம்மாள் டப்பாவைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"குங்குமமா அண்ணே இது? நல்ல குங்குமம்!" என்றவர், டப்பாவோடு நேராக வந்து தன் இலையில் மறுபடி உட்கார்ந்தார். சூப்பில் தூவினார். மசாமனில் தூவினார். இடியாப்பத்தின் மேல் தாராளமாகத் தூவினார். மாம்பழத்தையும் விடவில்லை.

"அம்மா, எனக்கும்மா!" என்று சிவராஜ் இலையை நகர்த்தினார்.

"அத்தை, வேணாம்!" அகிலா ஓடி வந்தாள். "உங்களுக்குத்தான் காரம் ஆகாதே!"

"எனக்கா? நாங்க பாயசத்துக்கே ஊறுகா தொட்டுக்கிறவங்கம்மா. காரம் ஆகாதது உங்கப்பாவுக்குத்தானே?"

"எனக்கா?" கந்தன் தன் மார்பில் கை வைத்துக் கேட்டார். "என் பொண்டாட்டி கொழம்புல இருபத்தஞ்சு வருசம் குளிச்சவன்மா நான்!"

"அப்ப அன்னைக்கு உங்களுக்காகத்தானே மாமா நான் சமைச்சேன்," என்றார் சிவராஜ். "அம்மாவுக்குக் காரம் இல்லாம சமைக்கவே தெரியாதுன்னு, ஓட்டல் சமையக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு…"

பேசிக்கொண்டே தில்லையம்மாள் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்தார். சம்மதம். அகிலா கரண்டியைப் பிடித்துக்கொண்டே சுவரோடு சாய்ந்து சிரித்தாள். படத்துக்குள் காமாட்சியம்மாள் எப்போதும்போல் 'நான் அப்பவே சொன்னேனே' என்கிற முகத்தோடு இருந்தாள்.

"அதெல்லாம் சரி," என்றார் கந்தன். "எங்களுக்குக் காரம் ஆகாதுன்னு உங்ககிட்டயும், உங்களுக்கு ஆகாதுன்னு என்கிட்டயும் சொன்னது யாரு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கடைசி இலைப்பக்கம் திரும்பினார்கள். அங்கே சித்தரத்தை சூப்பின் கடைசிச் சொட்டைப் புறங்கையால் வழித்துக்கொண்டிருந்த முனிசாமி நிதானமாக நிமிர்ந்தார்.

"ஊர்ல எந்தப் பொண்ணு பாக்கப் போனாலும் கூடவே உக்காந்து கை நனைக்கிறவன் நான், போன தடவை இந்த வீட்ல சாப்ட்டுட்டு ஆஸ்பத்திரில சேந்தவரு யாருன்னு நெனச்ச, கந்தா? சரி சரி, அந்த டப்பாவை மூடிட்டு, சூப்பு இன்னும் ஒரு கரண்டி ஊத்து."