வஞ்சரக்காவும் மேஸ்திரியின் பல்லும்

கல்மண்டபம் மார்க்கெட்டில் ஒரு மனுஷரைக்கூட நம்பாத ஒரே ஆள் வஞ்சரக்காதான். மீன் வெட்டி விற்கிறவர். படகுக்காரரை நம்ப மாட்டார், ஐஸ்காரரை நம்ப மாட்டார், வாராவாரம் மீன் வாங்குகிற என்னையும் நம்ப மாட்டார். அவர் நம்பியது மேஸ்திரியை மட்டும். மேஸ்திரி ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. வேலை செய்யாமல் மேற்பார்வை மட்டும் பார்ப்பதால் அந்தப் பெயர்.

கூடை இறங்கியதும் முதல் துண்டு அவனுக்கு. அவன் தின்றால் வியாபாரம் ஆரம்பம். முகத்தைத் திருப்பினால், படகுக்காரரிடம் "மேஸ்திரி வாணாம்னுட்டான். எட்துகினு போ நைனா" என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

போன வருஷம் ஒரு வாரம் மேஸ்திரி எதையும் தின்னவில்லை. துடித்துக்கொண்டிருந்த சங்கரா மீன்கூடத் திரும்பிப் போனது. எல்லாப் படகுக்காரரோடும் சண்டை. கடைசியில் கடலே கெட்டுவிட்டது என்று அக்கா அறிவித்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. மேஸ்திரி மீனைப் பார்த்து ஆசையாகத்தான் ஓடுவான். ஒரு கடி கடித்ததும் போட்டுவிட்டு முன்காலால் வாயைத் தேய்ப்பான். எச்சில் ஒழுகியது. விலா எலும்பு தெரிந்தது.

"அக்கா, கோளாறு மீன்ல இல்ல, அவன் வாய்ல. கிட்ட போனாலே நாறுது பாருங்க."

"மீன் துன்றவன் வாயி மல்லிப்பூ மாரியா மணக்கும்?"

மேஸ்திரியின் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். ஈறு வீங்கி, ரத்தச் சிவப்பாக இருந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ வலியோடவா என் பக்கத்துல குந்திகினு இருந்தான்? கிராம்புத் தைலம் வெக்கட்டா?"

மேஸ்திரியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். தைலம் என்றதும் மிருக டாக்டர் பதறிவிட்டார். தைலமும் ஆகாது, நம் வலி மாத்திரையும் ஆகாது. பூனைக்கு இரண்டுமே விஷம் என்றார். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, கெட்ட பற்களைப் பிடுங்க வேண்டுமாம்.

"மயங்குனவன் எய்ந்திரிக்கலன்னா?"

"அதுக்குத்தாம்மா முதல்ல ரத்த டெஸ்ட் பண்றோம். பக்கத்துலயே இருந்து பாத்துப்பேன்."

"கையை நீட்டு சார்."

டாக்டர் நீட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நடுங்கல. சரி, இட்டுகினு போ."

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். மேஸ்திரிக்கு நாலு பல் போயிருந்தது. அக்கா வேகவைத்த மீனில் முள்ளெடுத்து, விரலால் மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தட்டை நக்கி முடித்துவிட்டு இன்னும் கேட்டான். அக்கா செதில் ஒட்டிய புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

பையோடு ஆறேழு பேர் நின்றிருந்தோம். யாருமே அவசரப்படுத்தவில்லை.