வீடு இல்லையா, கையெழுத்துப் போடுங்க

இந்த நாட்டில் ஓடும் கார்களில் பாதி, டேக் அண்ணனிடம் திட்டு வாங்கிய பிறகுதான் ரோட்டுக்கு வந்தவை. ஒரகடம் கார் தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு அவர்தான் தரச் சோதனை. ஒரு பாகத்தைக் கழித்தால் சிவப்பு டேக்கில் காரணமும் பேரும் எழுதிக் கையெழுத்திட்டுக் கட்ட வேண்டும். அது லைனுக்கு மட்டுமான சட்டம் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. கேன்டீன் இட்லிக்கே சிவப்பு டேக் கட்டியவர். காரணம்: 'உடையவில்லை.' பெண் பார்க்கப் போன இடத்தில் இவரை வேண்டாம் என்றவர்களிடமும் ஒன்றை நீட்டியதாகக் கேள்வி.

அந்த மாதக் கடைசிக்குள் நான் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். மூன்று வீடு பார்த்தாயிற்று. எல்லாம் ஒத்துவரும், கடைசியில், "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்பார்கள். "காலனி" என்பேன். உடனே அவர்கள் மச்சான் துபாயிலிருந்து குடிவரக் கிளம்பிவிடுவார். ஒரே வாரத்தில் மூன்று மச்சான்கள். விமானம் தாங்குமா என்று எனக்கே கவலை.

படப்பையில் நாலாவது வீட்டுக்கு டேக் அண்ணனும் வந்தார். தெருவைக் கேட்டதும் வீட்டுக்காரர், "ஒத்துவராது தம்பி" என்றார். அண்ணன் பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுத்தார்.

"ரிஜெக்ட் பண்ணா காரணம் எழுதணும் சார். கீழ உங்க பேரு."

மனிதர் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினார். "வூடு என் சம்சாரம் பேர்ல கீது. என் கையெழுத்த வச்சி இன்னா பண்ணுவ?" 'காலனி ஆளுக்குத் தர மாட்டேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அண்ணன் அந்த டேக்கோடு ஒரு வக்கீலிடம் என்னைக் கூட்டிப்போனார். மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் அவர் பேருக்கே போனது: வழக்கு உங்கள் மேல், நஷ்டஈடு உங்கள் சொந்தக் கையிலிருந்து. பத்திரத்தை எடுத்துக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஹாஸ்டலுக்கே ஓடிவந்தார். அண்ணனும் அங்கேதான் இருந்தார்.

"பாருப்பா, வூடே என்னுது இல்ல."

"வூடு அம்மாவுது சார். இல்லைன்ன வாய் உங்களுதுதானே?" என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் அண்ணனிடமிருந்து டேக்கை வாங்கி இரண்டு முறை படித்தார். "என் வூட்ட என்னைக் கேக்காம இல்லைன்னு எழுதிக் குடுக்க நீ யாருய்யா?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"வாங்குடா. கழிச்சது அவரு, குடுக்கிறது ஓனரு" என்றார் அண்ணன்.

குடிபோன அன்று கதவில் ஒரு பச்சை டேக் கட்டினார். என் பேர், அவர் கையெழுத்து. நடுவே காலி.

"இன்னாண்ணா, காரணம் எழுத மறந்துட்டீங்களா?"

"ஓகேவுக்கு எவன்டா காரணம் எழுதுவான்?"

அண்ணன் இப்போது வேறு தொழிற்சாலையில் இருக்கிறார். போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர் அந்த டேக்கைக் கழற்றக் கையை வைத்தார். கதவுக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.